மூலை சிஸ்டத்தில் துபாய் நேரம்

புதுவாயல் கூட்ரோட்டில் எங்களுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில். கடை அண்ணனுடையது. அவனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. பகலில் நான் உட்கார்ந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். கம்ப்யூட்டர் யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்து வந்ததுதான்.

ஐந்து சிஸ்டம். இடையில் பிளைவுட் தடுப்பு. கல்கத்தா ரோட்டில் கனமான லாரி போனால் ஸ்கிரீன் ஆடும். வாசலுக்கு எதிரே, பெரியபாளையம் ரோட்டு ஆரணிக்குப் போகிற வேன்கள் நிற்கும். ஆள் ஏற்ற நாள் பூராவும் கத்துவார்கள். எனக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே நின்றுபோயிருந்தது.

வருகிறவர்கள் பயோடேட்டா அடிப்பார்கள், ரிசல்ட் பார்ப்பார்கள், ரயில் டிக்கெட் போடுவார்கள். மூலை சிஸ்டத்துக்கு ஒருவர் வருவார். முப்பது வயது இருக்கும். சட்டையில் இரும்புத் தூசி. கம்பி செய்கிற ஃபேக்டரியில், லாரிகளை எடை போடும் மேடையில் அவருக்கு வேலை. உள்ளே வருகிற லாரியின் நம்பரையும் எடையையும் எழுத வேண்டும். சரக்கு ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது மறுபடி எழுத வேண்டும். பழவேற்காட்டுக்காரர். வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம். மனைவி ஆரணியில் தாய் வீட்டில் இருந்தாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. எனக்கு முதலில் தெரிந்தது அவர் துபாயில் இருக்கிறார் என்பதுதான்.

மனைவிக்குச் சாட்டில் அப்படித்தான் அடித்தார், என் மேசையிலிருந்து ஸ்கிரீன் தெரியும். துபாயில் வெயில் தாங்கவில்லை, ஏசி ரூமை விட்டு வெளியே வர முடியவில்லை என்று. அன்றைக்கு எங்கள் கடையில் கரண்ட் போய் வந்திருந்தது. ஃபேன் மெதுவாகச் சுற்றியது. அவர் முதுகு நனைந்திருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. வருகிறவன் எதை அடித்தால் எனக்கென்ன. ஒரு நாள் அவரே வந்து என் மேசை பக்கத்தில் நின்றார்.

“அக்கா, நீங்க பாத்துக்கினுதான் கீறீங்க. தெரியும். யார் கிட்டயும் சொல்லாதீங்க.”

“யார் கிட்ட சொல்லப் போறேன்.”

“நான் நெசமாவே போனேங்க்கா. பொய் இல்ல. ஏர்போர்ட்டுக்கு ஒரு வேன் ஜனம் வந்துச்சு. மாமனாரு கழுத்துல மாலை போட்டாரு. ஆரணில பாதி பேருக்கு பிரியாணி. போய் எறங்கினா அங்க மெடிக்கல்னு ஒண்ணு. எக்ஸ்ரே எடுத்தான். நெஞ்சுல புள்ளி கீதுன்னான். திருப்பி அனுப்பிட்டான்.”

சின்ன வயதில் அவருக்கு நெஞ்சில் டிபி நோய் வந்து குணமாகியிருக்கிறது. குணமான இடத்தில் தழும்பு. தழும்பு இருந்தாலும் அந்த ஊரில் ஆகாது. ஒரு மாதம் ஆவதற்குள் திரும்பிவிட்டார். ஏர்போர்ட்டில் இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராக இங்கே வந்து வேலை தேடிக்கொண்டார்.

“ஊட்ல சொல்லிட வேண்டியதுதானே?”

“இன்னான்னு சொல்றது? நெஞ்சுல புள்ளின்னா? அந்த நோய் பேரச் சொன்னா அவ அம்மா ஊட்ல விடுவாங்களா? அவ மாசமா கீறா அக்கா. பொறக்கற கொழந்தைய என் கையில குடுப்பாங்களா?”

“ஆரணி இங்கேர்ந்து கூப்பிடு தூரம். கிட்டக்க வந்து ஒளிஞ்சிக்கினு கீறீங்களே.”

“தொலைவா போனா பயமா கீதுக்கா.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மாதா மாதம் வீட்டுக்குப் பணம் எப்படிப் போயிற்று என்றும் கேட்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. அவருடைய மச்சினன் சென்னையில் பாலிடெக்னிக் படித்தான். குழந்தையின் போட்டோக்களைப் போட்டு நெட்டில் ஒரு பக்கம் தயார் செய்தான். கீழே ஒரு சின்னப் பெட்டி வைத்தான். யார் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்களோ அவர்கள் நாட்டுக் கொடி அந்தப் பெட்டியில் விழும். கொடியை ஒட்டி ஊர்ப் பேரும் வரும். அப்போது அதெல்லாம் புதுசு.

இவர் குழந்தையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்தேன், உன்னைப் போலவே இருக்கிறாள் என்று மனைவிக்கு அடித்தார். மறுநாள் மச்சினன் கேட்டான். அவர் என்னைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினார். அவனுடைய மெசேஜ் இப்படி இருந்தது:

“மச்சான், பாப்பா போட்டோ பாத்தேன்னு சொன்னீங்களாம். துபாய் கொடியே விழல. இந்தியா கொடி ரெண்டு கீது. ஒண்ணு நான். இன்னொண்ணு யாரு?”

அவர் மெசேஜில் கொடி என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“நான் பேர் கூட போடலையேக்கா. எந்த ஊருன்னு அதுக்கு எப்டி தெரியும்?”

எனக்கும் தெரியாது. லைன் பழுது பார்க்க ஒரு சர்வீஸ்காரர் வருவார். வாய் ஓயாத மனிதர். அவர் வந்தபோது கேட்டேன். இவரும் பக்கத்தில் நின்றார்.

“லைன் போட்டதும் கம்பெனி ஒரு நம்பர் குடுக்கும்” என்றார் சர்வீஸ்காரர். “நீ எந்தப் பக்கத்தைத் தொறந்தாலும் அந்த நம்பர் கூடவே போவும். நம்பர் போவலன்னா பக்கம் எங்க திரும்பி வரும்? எந்த நம்பர் எந்தக் கம்பெனிது, எந்த ஊர்லன்னு எழுதி வெச்சிருக்கான். அத பாத்து சொல்றான். அவ்ளோதான்.”

“லாரி நம்பர் மாதிரி” என்றார் இவர். “டி.என். இருபதுன்னா திருவள்ளூர் வண்டி.”

“ஆங், அதே. வண்டி விஜயவாடால நின்னாலும் பிளேட்டு டி.என். இருபதுதான். அதான் புதுவாயல்னு காட்டாது. சென்னைன்னுதான் காட்டும். ஒரு ஒரு நாள் பாம்பேன்னு கூட காட்டும்.”

“அத மறைக்க முடியாதா?”

“பிராக்ஸி போடு. வேற ஊர்ல ஒரு மிஷின். நீ அதுகிட்ட கேப்ப, அது பக்கத்துகிட்ட கேக்கும். பக்கம் அந்த மிஷின் நம்பரத்தான் பாக்கும்.”

“நடுவழில சரக்க வேற லாரிக்கு மாத்தற மாதிரி.”

“யோவ், நீ லாரிய உடவே மாட்டியா?” சர்வீஸ்காரர் சிரித்தார். “சரி, லாரிலயே சொல்றேன். சில டிரைவர் மொத லாரி நம்பரையும் பேப்பர்ல எழுதி நீட்டிடுவான். அந்த மாதிரி பிராக்ஸியும் கீது. மாத்தியும் பிரயோஜனம் இல்ல. பாத்து எடுக்கணும். இன்னொண்ணு. சிஸ்டத்துல மணி எந்த ஊருதுன்னு சில பக்கம் எட்டிப் பாத்துடும். வாய்ஸ் பேசினா அது தனி ரூட்ல போவும், பிராக்ஸில நிக்காது. ஆமா, யாருக்கு இதெல்லாம்?”

“எனக்குத்தான்” என்றேன்.

“நீயா? நீ எந்த ஊருக்கு ஓடப் போற?”

நான் டீ சொன்னேன். அவர் குடித்துவிட்டுப் போனார்.

பிராக்ஸி நம்பர்களை வரிசையாகப் போடுகிற பக்கங்கள் இருந்தன. அதிலிருந்து ஒன்று எடுத்துப் போடுவோம். பாதி வேலை செய்யாது. வேலை செய்கிறது மறுநாள் செத்திருக்கும். வேகம் கிடையாது. குழந்தையின் போட்டோ மேலிருந்து கீழே துணி விரிகிற மாதிரி வரும். நெற்றி வந்து, கண் வந்து, வாய் வருவதற்குள் நின்றுவிடும். துபாய் நம்பர் லேசில் கிடைக்கவில்லை. கொரியா கிடைத்தது, ஜெர்மனி கிடைத்தது. ஒரு நாள் அவசரத்தில் எதையோ போட்டுப் பார்த்துவிட்டார்.

மச்சினன் அடித்தான்: “மச்சான், பிரேசில்ல இன்னா பண்றீங்க? கால்பந்து ஆடறீங்களா?”

கம்பெனி லைன் பல நாடு சுற்றிப் போகிறது, அதனால்தான் இந்தியாவும் விழுந்தது என்று பதில் போட்டார். அவன் நம்பினானோ என்னவோ. அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்து துபாய் நம்பர் ஒன்று அகப்பட்டது. போட்டோம். பக்கத்தைத் திறந்தோம். பெட்டியில் அந்த நாட்டுக் கொடி விழுந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“வந்துட்டேங்க்கா” என்றார். ஊருக்குப் போய்ச் சேர்ந்தவர் மாதிரி.

மச்சினனும் சும்மா இருந்துவிட்டான்.

மூலை சிஸ்டத்தின் மணியையும் துபாய்க்கு மாற்றி வைத்தேன். ஒன்றரை மணி நேரம் பின்னால். இவர் எப்போது வருவார் என்று தெரியாது, அதனால் அப்படியே விட்டுவிட்டேன். ஒரு நாள் மற்ற சிஸ்டத்தில் எல்லாம் ஆள் இருந்ததால் கெமிக்கல் கம்பெனிப் பையன் ஒருத்தன் மூலையில் உட்கார்ந்தான். இரண்டு மணிக்கு அவனுக்கு ஷிப்ட். ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்தவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“யக்கோவ்! மூணு அடிக்கப் போவுது!”

“ஆமா.”

“சிஸ்டத்துல ஒண்ணரை கூட ஆவலையே! கம்பெனி பஸ்ஸு போயிருக்கும்! சூப்பர்வைசருக்கு நான் இன்னா சொல்றது?”

“பேட்டரி வீக்கு. மணி ஓடல.”

“ஓடாத மணிய எதுக்குக்கா உள்ள வெச்சிக்கினு கீற?”

அதன் பிறகு ஸ்கிரீன் மேல் ஒரு சீட்டு ஒட்டினேன். மணி தப்பு, பார்க்காதே என்று. அவர் வரும்போது சீட்டைப் பார்த்துச் சிரிப்பார்.

ஆரணி பஜாரில் இருந்த சென்டரில் கேமரா உண்டு. மனைவி குழந்தையை அங்கே தூக்கிவந்து காட்டுவாள். எங்களிடமும் கேமரா இருந்தது, ஆனால் இவர் போடமாட்டார். பின்னால் எங்கள் சுவரில் முருகன் காலண்டர். கம்பெனியில் கேமராவுக்குத் தடை என்று சொல்லியிருந்தார். மைக்கும் தொடமாட்டார். அடிப்பது மட்டும்தான். அந்தப் பக்கம் குழந்தை கையை ஆட்டும். இந்தப் பக்கம் இவர் ஸ்கிரீனுக்கு எதிரே கையை ஆட்டுவார். அது யாருக்கும் தெரியாது. கையை ஆட்டிவிட்டு உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைப்பார். இரும்புத் தூசி.

நோன்பு மாசம் வந்தது. அவர் நோன்பு வைத்தார். சாயந்திரம் இங்கே இருந்த பள்ளிவாசலில் கஞ்சி குடித்துவிட்டு வருவார். எனக்கும் ஒரு தூக்கில் வாங்கி வருவார். கஞ்சி நன்றாக இருக்கும்.

பெருநாள் காலை. புதுச் சட்டை போட்டு வந்தார். அத்தர் வாசனை. கடை திறந்த நேரம், ஒருவரும் இல்லை.

“அக்கா, இன்னிக்கு ஒரு வாட்டி பேசிடறேன். அவ குரல் கேட்டு எவ்ளோ நாள் ஆவுது.”

“சத்தம் கேக்குமே. அந்த சர்வீஸ்காரரு சொன்னாரு இல்ல, வாய்ஸ் தனி ரூட்டுன்னு.”

“நம்பர யாரு பாக்கப் போறாங்க. மச்சினன் இன்னிக்கு ஊட்ல பிரியாணில கீறான்.”

ஹெட்போனில் ஒரு காது வேலை செய்யாது. ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தேன். மைக் மேசை மேல் தனியாக நின்றது. மனைவி ஆரணி சென்டரில் காத்திருந்தாள். சலாம் சொன்னார்கள்.

“இப்பதான் தொழுதுட்டு நேரா வர்றேன்” என்றார். “செம கூட்டம். ரோட்டுல கூட பாய் போட்டுத் தொழுதாங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

“இப்பவா?” என்று குரல் வந்தது.

“ஆமா. இப்பதான்.”

“சரி.”

“இன்னா சரின்ற?”

“ஒண்ணுமில்லீங்க. பக்கத்து ஊட்டு அக்கா ஊட்டுக்காரரும் துபாய்தான். அவரு நேத்தே பெருநாள்னு போன் பண்ணிட்டாரு.”

வெளியே வேன்காரன் ஆரம்பித்தான். “ஆரணி ஆரணி, பெரியபாளையம் ஏறு, ஆரணீய்…”

“அங்க இன்னாங்க சத்தம்?”

“டிவி. பசங்க டிவி போட்டுக்கினு கீறாங்க.”

“சரிங்க. சாப்பிடுங்க. பாப்பா அழுவுறா.”

வைத்துவிட்டாள்.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் மைக்கை எடுத்து வைத்தேன்.

“அங்க நேத்துக்கா.”

“எது?”

“பெருநாளு. அங்க பிறை ஒரு நாள் முன்னாடி பாத்துடுவாங்க. அவங்களுக்கு நேத்து, நமக்கு இன்னிக்கு. எனக்குத் தெரியாததா? சின்ன வயசுலேர்ந்து தெரியும். எங்க ஊட்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.”

“அப்புறம் எப்டி மறந்தீங்க?”

“நோன்பு பூரா இங்கதானே புடிச்சேன். கஞ்சி இங்க குடிச்சேன். இன்னிக்கு இங்கதானே எல்லாரும் கட்டிப் புடிச்சி வாழ்த்து சொன்னாங்க. அந்த சந்தோஷத்துல வந்துட்டேன்.”

நம்பரை மறைத்தோம், மணியை மாற்றினோம். பிறை எனக்குத் தோன்றியிருக்காது. அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பெருநாளைக்கு எனக்குக் கொண்டுவந்த பிரியாணி மேசை மேல் இருந்தது. நான் நீட்டியும் அவர் ஒரு வாய் சாப்பிடாமலே போனார்.

அடுத்த நாட்களில் சாட்டுக்கு அவள் வரவில்லை. அவர் வந்து உட்கார்ந்து, பார்த்து, எழுந்து போவார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

மழையிலேயே ஒரு மத்தியானம் அவள் வந்தாள். கறுப்பு பர்தா. தோளில் துண்டு சுற்றிய குழந்தை. குழந்தையை நான் ஸ்கிரீனில் பார்த்திருக்கிறேன். உடனே தெரிந்தது. வாசலில் செருப்பை விட்டாள். ஐந்து சிஸ்டத்தையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“அக்கா, இங்க துபாய் எந்த சிஸ்டம்?”

நான் மூலையைக் காட்டினேன். வேறு என்ன செய்ய.

போய் உட்கார்ந்தாள். சீட்டைப் படித்தாள். ஸ்கிரீனில் மணி பார்த்தாள், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஒண்ணரை மணி நேரம் பின்னாடி. சரியாத்தான் வெச்சிருக்கீங்க.”

நான் துண்டு கொடுத்தேன். குழந்தையின் தலையைத் துவட்டினாள்.

“எப்டி கண்டுபுடிச்ச?”

“அந்த வேன்காரரு குரல் எனக்குத் தெரியாதா? பாப்பா வயித்துல இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு அந்த வேன்லதான் போனேன். அவரு ஆரணின்னு கத்துனா துபாய்லயா கத்துவாரு? கூட்ரோட்டுல சென்டர் ரெண்டு கீது. மொதல்ல அங்க போய்க் கேட்டேன். சிரிச்சான். நீங்க சிரிக்கல.”

ஷிப்ட் விடுகிற நேரம் வரை குழந்தை தூங்கியது. எழுந்தது. அழுதது. பிஸ்கெட் கொடுத்தேன்.

அவர் குடையில்லாமல் நனைந்து வந்தார். உள்ளே ஒரு கால் வைத்தவர் நின்றுவிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. அவர் கை தானாகப் போய் வாயை மூடிக்கொண்டது. குழந்தைக்குத் தொற்றிவிடுமோ என்று. அதை அவள் பார்த்தாள்.

“கையை எதுக்கு அங்க வெச்சிக்கினு நிக்கறீங்க?”

அவர் சொன்னார். எக்ஸ்ரே, புள்ளி, திருப்பி அனுப்பியது, இங்கே துபாய் நம்பர் போட்டது. வாசலில் நின்றே சொன்னார். மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும். அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“இங்க டாக்டர் கிட்ட காட்டினீங்களா?”

“காட்டினேன். சளி எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. பழைய தழும்புன்னாரு. தொத்தாதுன்னாரு.”

“நெசமா?”

“சீட்டு ரூம்ல கீது. எடுத்தாரட்டா?”

“வேணாம். அப்போ புடிங்க.”

குழந்தையை நீட்டினாள். அவர் கைகளைப் பேண்ட்டில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு வாங்கினார். குழந்தைக்கு அவரைத் தெரியாது. சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டது.

“மாலை போட்டு அனுப்பினாங்களே, அதுக்காகவா இவ்ளோ நாளு?” என்றாள். “எங்க அம்மாகிட்ட புள்ளி கிள்ளின்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. எனக்குத் தெரிஞ்சா போதும். நாளைக்கு நீங்க ஊருக்கு வர்றீங்க. துபாய்லேர்ந்து. அங்க வேலை புடிக்கல, விட்டுட்டீங்க. இங்கயே கம்பெனில கெடச்சிருக்கு. புரியுதா?”

“ம்.”

“தம்பிக்கு இப்பவே ஒரு மெயில் போடுங்க. கெளம்பிட்டேன்னு. அந்தத் துபாய் நம்பர்லேர்ந்தே போடுங்க. அவன் எங்கேர்ந்து வந்துச்சுன்னு மெயில் தலையெல்லாம் தொறந்து பாப்பான்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் மூலையில் போய் உட்கார்ந்து பிராக்ஸியைப் போட்டேன். வரவில்லை. அந்த நம்பர் செத்துவிட்டது. வேறு ஒன்று போட்டேன். அதுவும் இல்லை. இன்னொன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

“துபாய் கெடைக்கல” என்றேன். “பிரேசில் வேணா தேடறேன்.”

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். பிரேசில் கதை அவளுக்கும் போயிருக்கிறது.

“வேணாங்க்கா. எடுத்துடுங்க. ஆளே நேர்ல வந்து நின்னா கொடிய யாரு பாக்கப் போறா.”

பிராக்ஸியை எடுத்தேன். பக்கம் உடனே திறந்தது. அவர் ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு விரலால் அடித்தார். மெயில் எங்கள் நம்பரிலிருந்தே போயிற்று.

அவள் குழந்தையோடு வேனில் ஏறினாள். அவர் ஏறவில்லை. நாளைக்குத்தானே வருகிறார். வேன் திரும்பி ஆரணி ரோட்டில் போகிற வரை மழையில் நின்றார். பெட்டி வேண்டும், துபாய்ச் சாமான் மாதிரி ஏதாவது வேண்டும் என்று கும்மிடிப்பூண்டி பஸ் பிடித்துப் போனார்.

மச்சினன் அந்த மெயிலைத் திறந்து பார்த்தானா, பார்த்தும் பேசாமல் இருந்தானா, தெரியாது. அவருக்கு அதற்குப் பிறகு சென்டருக்கு வர வேண்டிய வேலை இல்லை. எப்போதாவது ரோட்டில் பார்ப்பேன். பைக்கில் முன்னால் குழந்தை உட்கார்ந்திருக்கும்.

அன்றைக்கு அவர் போன பிறகு மூலை சிஸ்டத்தின் மணியைச் சரி செய்தேன். சீட்டைக் கிழித்தேன். பசை போகவில்லை. அது சிஸ்டத்தை விற்கிற வரை இருந்தது.